டெல்லிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை: ஊரிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

மார்ச் மாதம் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் முதுகலைத் தேர்வு முடிந்தால் போதும், டெல்லியில் இருக்கும் தமிழர்களுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். தஞ்சாவூரிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன், திருநெல்வேலியிலிருந்து பழைய பக்கத்து வீட்டுக்காரர், “நம்ம பொண்ணு டெல்லிக்குப் போட்டிருக்கா, கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று. வருஷா வருஷம் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்து கல்லூரியில் எம்.ஏ. கிடைத்திருக்கிறது. வகுப்பு அங்கேதான் நடக்குமா?

பெரும்பாலும் இல்லை. இது தெரியாமல்தான் பாதிக் குழப்பம் வருகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையைக் கல்லூரிகள் நடத்துகின்றன. முதுகலைப் பாடத்தை நடத்துவது பல்கலைக்கழகத் துறை. நீங்கள் பெயரளவில் இந்து கல்லூரி, மிராண்டா ஹவுஸ், ராம்ஜஸ் என்று ஏதாவது ஒன்றின் மாணவர். அடையாள அட்டையில் அந்தப் பெயர் இருக்கும், கட்டணமும் அங்கேதான் கட்டுவீர்கள். ஆனால் காலையில் எழுந்து போவது வடக்கு வளாகத்தின் கலைப்புலக் கட்டிடத்துக்கோ, டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கோ. பல கல்லூரிகளின் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்பார்கள். சிறு குழுவாக நடக்கும் டியூட்டோரியல், நூலகம், விடுதி, விளையாட்டு மைதானம் ஆகியவைதான் கல்லூரியின் பங்கு. அறிவியல் பாடங்களில் ஆய்வக வேலை கல்லூரியிலும் இருக்கலாம்.

அதனால் “எனக்கு அந்தக் கல்லூரி கிடைக்கவில்லையே” என்று அழுபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: துறை கிடைத்துவிட்டதல்லவா, பாடம் அதேதான், பட்டமும் அதேதான்.

அப்படியானால் சேர்க்கைக்குக் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது?

பெயரைப் பார்த்துப் போடாதீர்கள், விடுதியைப் பார்த்துப் போடுங்கள். முதுகலை மாணவர்களுக்கு விடுதி இடம் தரும் கல்லூரியா, அதிலும் பெண்களுக்கு உண்டா என்று அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பில் பாருங்கள். அடுத்தது தூரம். வடக்கு வளாகத்தில் செயின்ட் ஸ்டீபன்ஸ், இந்து, ராம்ஜஸ், ஹன்ஸ்ராஜ், கிரோரி மல், மிராண்டா ஹவுஸ் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. வகுப்பிலிருந்து கல்லூரி நூலகத்துக்குப் பத்து நிமிஷம். தெற்கு டெல்லியில் இருக்கும் கல்லூரியில் பெயரைப் பதிந்துவிட்டு, வடக்கில் வகுப்புக்குப் போய் வருவது பெரிய அலைச்சல்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சில பாடங்களுக்குத் தௌலா குவான் பக்கம் உள்ள தெற்கு வளாகத்திலேயே வகுப்பு நடக்கும். ஆர்.கே.புரத்திலோ முனிர்காவிலோ சித்தி, மாமா வீடு இருந்து அங்கேயே தங்கப் போகிறீர்கள் என்றால், தெற்கு வளாகம் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டிய இடம். “வடக்கு வளாகம்தான் நிஜமான டி.யூ.” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். தினமும் மெட்ரோவில் வேகப்போவது அவர் இல்லை.

இந்தக் கல்லூரிகள் நிஜமாகவே அவ்வளவு பழையவையா?

சில பல்கலைக்கழகத்தைவிடவே பழையவை. பல்கலைக்கழகம் 1922-இல் வந்தது. அப்போது அதில் சேர்ந்தவை மூன்று: 1881-இல் தொடங்கிய செயின்ட் ஸ்டீபன்ஸ், 1899-இல் தொடங்கிய இந்து கல்லூரி, 1917-இல் தொடங்கிய ராம்ஜஸ். மூன்றும் இப்போதிருக்கும் இடத்தில் பிறந்தவை அல்ல. இந்து கல்லூரி சாந்தினி சௌக்கை ஒட்டிய கினாரி பஜாரில், சரிகைக் கரைகள் விற்கும் சந்தில் ஆரம்பித்தது. செயின்ட் ஸ்டீபன்ஸின் பழைய கட்டிடம் காஷ்மீரி கேட்டில் இன்னும் நிற்கிறது. அங்கே இப்போது தேர்தல் அலுவலகம் நடக்கிறது.

பெண்களுக்கான கல்லூரிகளில் மூத்தது 1924-இல் தொடங்கிய இந்திரப்பிரஸ்தா. அன்னி பெசன்ட்டின் பிரம்மஞான சபை வட்டத்தில் பிறந்தது அது. அடையாறில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மிராண்டா ஹவுஸ் 1948-இல் வந்தது. அதை நிறுவிய துணைவேந்தர் மாரிஸ் குவாயரின் பெயரில்தான் ஆண்களுக்கான குவாயர் ஹால் விடுதி இருக்கிறது. துணைவேந்தர் அலுவலகம் ஒரு காலத்தில் வைஸ்ராய் குடியிருந்த மாளிகை.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். குளித்தலையில் பிறந்த டி.ஆர்.சேஷாத்ரி 1949-இல் இங்கே வேதியியல் துறைக்கு வந்தார். தாவரங்களில் இருக்கும் நிறப்பொருள்கள், இயற்கை வேதிப்பொருள்கள் குறித்த ஆராய்ச்சியை இங்கே பெரிதாக வளர்த்தார். 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு வருபவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு வரலாம்.

சேர்க்கை எப்படி நடக்கிறது?

இரண்டு கட்டம். முதலாவது, தேசியத் தேர்வு முகமை நடத்தும் க்யூட் முதுகலைத் தேர்வு. கணினியில் எழுதுவது. ஒன்றரை மணி நேரத்தில் 75 கேள்விகள், மொத்தம் 300 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறானால் 1 குறையும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களிலேயே எழுதலாம்.

இரண்டாவது கட்டத்தில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். தேர்வு எழுதியதோடு வேலை முடியவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிந்து, தனியாகக் கட்டணம் கட்டி, பாடத்தையும் கல்லூரிகளையும் வரிசைப்படுத்த வேண்டும். க்யூட்டில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு “அழைப்பு வரும்” என்று வீட்டில் காத்திருந்தால் எந்த அழைப்பும் வராது.

இடம் ஒதுக்கப்பட்டால் குறித்த நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாக அழுத்த வேண்டும். பிறகு சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள், சந்தேகம் இருந்தால் அதே தளத்தில் கேள்வி போடுவார்கள். அதற்குப் பதில் கொடுத்துவிட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். முதல் சுற்றில் பிடிக்காத கல்லூரி வந்தாலும் ஏற்றுக்கொண்டு பணம் கட்டிவிடுங்கள். பிறகு மேலே உள்ள விருப்பத்துக்கு மாற வாய்ப்பு கேட்கலாம். மாறினால் பழைய இடம் தானாகப் போய்விடும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. இடத்தை ஏற்காமல் விட்டால் அத்தோடு ஆட்டத்திலிருந்து வெளியே.

சேர்க்கைக்கு நேரில் வர வேண்டுமா?

வேண்டாம். எல்லாம் இணையத்தில்தான். வகுப்பு தொடங்கும்போது அசல் சான்றிதழ்களோடு வந்தால் போதும். ஒதுக்கீட்டு அறிவிப்பு வரும் நாட்களில் மட்டும் நல்ல இணையம் உள்ள இடத்தில் இருங்கள். குலதெய்வம் கோயிலுக்குக் காட்டுப் பாதையில் போவதை ஒரு வாரம் தள்ளி வைக்கலாம், சாமி கோபிக்காது.

தேர்வைத் தமிழில் எழுதலாமா?

முடியாது. தமிழ் மொழித்தாளைத் தவிர மற்றவை ஆங்கிலம், ஹிந்தி இரண்டில்தான்.

பெயரில் இனிஷியல் இருப்பதால் சிக்கல் வருமா?

வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் “கவிதா எஸ்”, ஆதாரில் “எஸ். கவிதா”, வங்கிக் கணக்கில் “கவிதா செல்வம்”. ஊரில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இங்கே சரிபார்ப்பவருக்கு இது மூன்று ஆள். வடக்கே முன்பெயர், குடும்பப் பெயர் என்றுதான் பழக்கம். அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும் வழக்கம் அவர்களுக்குப் புரிவதில்லை.

வழி எளிது: பத்தாம் வகுப்புப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே க்யூட் படிவத்தில் போடுங்கள். புள்ளி, இடைவெளி உட்பட. ஆதார் வேறு மாதிரி இருந்தால் விண்ணப்பிப்பதற்கு முன்பே, டிசம்பரிலேயே, திருத்திவிடுங்கள். குடும்பப் பெயர் என்று ஏதாவது ஒரு படிவம் அடம்பிடித்தால், ஆசையாகச் சாதிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ புதிதாகச் சேர்க்க வேண்டாம். அது பட்டச் சான்றிதழ் வரை பின்னாலேயே வரும்.

என்னிடம் பி.சி. சான்றிதழ் இருக்கிறது. ஓ.பி.சி. இடம் கேட்கலாமா?

அந்தச் சான்றிதழை வைத்துக் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்குவது மாநில இடஒதுக்கீட்டுக்கு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஓ.பி.சி. 27 சதவீதம், எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு 10. இதில் ஓ.பி.சி. இடத்துக்கு இரண்டு சங்கதி பார்ப்பார்கள். ஒன்று, உங்கள் சாதி தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத பெயர்களும் உண்டு, அல்லது எழுத்து மாறியிருக்கும். இரண்டு, கிரீமி லேயரில், அதாவது ஓ.பி.சி.யிலேயே வசதியானவர்கள் பிரிவில், வரவில்லை என்ற சான்று, அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஊரில் நமக்கு இந்த இரண்டாவது பழக்கமே கிடையாது, சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும் என்றே இருந்துவிட்டோம்.

இ-சேவை மையத்தில் “மத்திய அரசு ஓ.பி.சி.” என்று தெளிவாகச் சொல்லி விண்ணப்பியுங்கள். கையெழுத்துப் போடுபவர் தாசில்தார்தான். ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலை இது. ஜூனில் ஒதுக்கீடு நடக்கும்போது தாலுகா ஆபீசில் ஜமாபந்தி என்று ஆளே இருக்க மாட்டார்கள், அப்புறம் பொதுப் பிரிவில்தான் போட்டி போட வேண்டியிருக்கும். கிடைக்க வேண்டிய இடம் ஒரு காகிதத்தால் போவதைப் பார்க்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பார்ட் ஒன், பார்ட் த்ரீ என்று பிரித்து மதிப்பெண் இருக்கிறதே, எதைப் போடுவது?

படிவம் மொத்தச் சதவீதம் கேட்டால் தமிழ், ஆங்கிலம், முக்கியப் பாடம் எல்லாம் சேர்த்த மொத்தம். முக்கியப் பாடத்தில் எவ்வளவு என்று கேட்டால் பார்ட் த்ரீ. தன்னாட்சிக் கல்லூரியில் படித்துக் கிரேடு மட்டும் இருந்தால், சதவீதமாக மாற்றிய சான்று ஒன்றைக் கல்லூரியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தரவரிசைக்கு க்யூட் மதிப்பெண்தான். இளங்கலைச் சதவீதம் தகுதி இருக்கிறதா என்று பார்க்கவும், இருவர் சமமாக நின்றால் பிரிக்கவும் பயன்படும். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வராதவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் முடிவைக் கொடுக்க ஒரு கெடு இருக்கும்.

எவ்வளவு செலவாகும்?

படிப்புக் கட்டணம் பயமுறுத்தாது. கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும், வழக்கமான எம்.ஏ., எம்.எஸ்ஸி.க்குச் சென்னையின் பல தனியார் கல்லூரிகளைவிடக் குறைவுதான். துறையில் நேரடியாகச் சேர்ந்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவித் திட்டம் உண்டு. குடும்ப வருமானம் 4 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் முழுவதும், 8 லட்சத்துக்குள் என்றால் பாதியும் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. கல்லூரி வழியாகச் சேர்ந்தவர்கள் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் அவர்களுடைய உதவித் திட்டத்தைக் கேட்க வேண்டும். எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைச் சொந்த மாநிலத்தின் வழியாகத்தான், அதாவது தமிழ்நாட்டில்தான், கேட்க வேண்டும்.

பணம் கரைவது வாடகையில். விஜய் நகர், ஹட்சன் லேன், கமலா நகர், முகர்ஜி நகர் எல்லாம் மாணவர்களும் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிப்பவர்களும் மோதிக்கொள்ளும் இடம். ஜன்னல் இல்லாத அறையைக்கூட வெட்கமில்லாமல் காட்டுவார்கள். ஜூலை கடைசியில் வந்து தேடினால் தரகர் சொல்வதுதான் விலை. மின்சாரத்துக்கு யூனிட் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வாடகையைக் குறைத்துச் சொல்லிவிட்டு சப் மீட்டரில் எடுத்துவிடும் வீட்டுக்காரர்கள் நிறைய.

விடுதி கிடைக்குமா? லோக்கல் கார்டியன் என்று யாரைப் போடுவது?

விடுதிக்குத் தனி விண்ணப்பம், தனித் தரவரிசை. முதுகலை மாணவர்களுக்குக் குவாயர் ஹால், ஜூபிலி ஹால், பெண்களுக்குப் பல்கலைக்கழக மகளிர் விடுதி, மேக்தூத் என்று பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதிகளும் உண்டு. சேர்க்கை முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள். முதல் பட்டியலில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். இடையில் காலியாகும் இடங்கள் உண்டு.

லோக்கல் கார்டியன் விஷயத்தில் கொஞ்சம் நாசூக்கு வேண்டும். டெல்லியில் வசிக்கும் ஒருவர் முகவரிச் சான்றோடு கையெழுத்துப் போட வேண்டும். பெண்கள் விடுதி என்றால் இரவு வெளியே தங்கவும் அவர் அனுமதி கேட்பார்கள். அரசு வேலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தலைமுறையாகப் பழக்கம். யாரோ ஒருவருடைய மகளுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆனால் கேட்கும் முறை இருக்கிறது. படிவத்தை வாட்ஸப்பில் அனுப்பி “அங்கிள், சைன் பண்ணி அனுப்புங்க” என்று கேட்காதீர்கள். அப்பாவோ அம்மாவோ ஒருமுறை பேசட்டும். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். பொறுப்பு அவர் தலையில், விடுதியிலிருந்து ராத்திரி போன் வந்தால் எடுக்கப் போவதும் அவர்தான்.

ஹிந்தி தெரியாது. சமாளிக்க முடியுமா?

படிப்பில் முடியும். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், கலைப் பாடங்களில் விவாதம் சூடேறினால் ஹிந்திக்குத் தாவிவிடும். கையைத் தூக்கி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை, மணிப்பூர், கேரளத்துப் பிள்ளைகளும் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள். வெளியே ஆட்டோ, வீட்டுக்காரர், காய்கறி வண்டி எல்லாவற்றுக்கும் ஹிந்தி வேண்டும். அது பேசப் பேசத் தீபாவளிக்குள் வந்துவிடும்.

புத்தகங்களுக்கு?

வாங்க வேண்டியது குறைவு. மத்திய நூலகம், எகனாமிக்ஸ் பக்கம் ரத்தன் டாட்டா நூலகம், கல்லூரி நூலகம் மூன்றையும் பயன்படுத்துங்கள். மற்றதை ஜெராக்ஸ் கடை பார்த்துக்கொள்ளும். இந்த வளாகத்தில் ஜெராக்ஸ் எடுப்பது உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். பாடத்துக்கான பக்கங்களைத் தொகுத்து விற்றதற்காக ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் ஒரு வளாகக் கடை மேல் வழக்குப் போட்டன. கல்விக்காக நகலெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2016-இல் தீர்ப்பு வந்தது, அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கிலிருந்து விலகின. வடக்கு வளாகத்தில் படேல் செஸ்ட் நிறுவனத்தின் பக்கம் உள்ள கடைகளில் உங்கள் தாளின் பெயரைச் சொன்னாலே சீனியர்கள் விட்டுப்போன கட்டு ஒன்றை எடுத்துப் போடுவார்கள். எந்த வருஷத்துப் பாடத்திட்டம் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

வகுப்புக்குப் போகாமல் வீட்டிலிருந்து படிக்கலாமா?

மூன்றில் இரண்டு பங்கு வருகை வேண்டும். டெல்லியிலேயே குடியிருக்கும் பெண்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: வார இறுதியில் மட்டும் வகுப்பு நடத்தும் மகளிர் கல்வி வாரியம். கல்யாணமாகி கரோல் பாக்குக்கும் மயூர் விஹாருக்கும் வந்து, பாதியில் விட்ட படிப்பைத் தொடர நினைப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு 1962 முதல் நடக்கும் திறந்தநிலைக் கல்விப் பள்ளி உண்டு.

சாப்பாடு, தமிழ் முகங்கள்?

விடுதி மெஸ்ஸில் ராஜ்மா, நம் மோர்க்குழம்பு மாதிரியான கடி, ரொட்டிதான். வாரக் கடைசியில் மஞ்சள் லைனில் ராஜீவ் சௌக் இறங்கினால் கன்னாட் பிளேஸில் சரவண பவன் இருக்கிறது. மாணவர் பர்ஸுக்கு அது மாதம் ஒருமுறைதான் தாங்கும். ஹௌஸ் காஸில் மாறி ஆர்.கே.புரம் போனால் மலை மந்திர் முருகன் கோயிலும், 1946-இல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கமும் பக்கத்து செக்டார்களில் இருக்கின்றன. சங்கத்தின் நூலகம் தமிழ் படிக்க ஏங்குபவர்களுக்கு. பொன்னி அரிசி, புளி, காபித் தூள் எல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும், ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். கம்பளியையும் ஊரில் வாங்காதீர்கள். சென்னையில் விற்பது டிசம்பர் குளிருக்குக் காணாது, ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையை இங்கே நவம்பரில் வாங்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் நவம்பர் புகைமூட்டத்துக்கு மருந்தும் முகக்கவசமும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

முடித்தபின் ஆராய்ச்சிக்கு?

இரண்டாம் ஆண்டிலேயே நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை எழுதிவிடுங்கள், வருஷத்துக்கு இரண்டு முறை வரும். இளநிலை ஆய்வு நிதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு பிஎச்.டி. தொடங்கலாம்.

டெல்லிப் பட்டம் தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லுமா?

செல்லும், மத்தியப் பல்கலைக்கழகப் பட்டம். ஆனால் இரண்டைக் கவனியுங்கள். பட்டத்தின் பெயர் நம் ஊரில் கேட்பதிலிருந்து மாறியிருந்தால், இணையான படிப்பு என்ற அரசாணை கேட்பார்கள். உதாரணமாக, ஒப்பியல் இந்திய இலக்கியம் படித்துவிட்டுத் தமிழ் ஆசிரியர் பணிக்குப் போவதாக இருந்தால் முன்பே விசாரிப்பது நல்லது. இன்னொன்று, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு. அந்தப் பணிக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020-இல் திருத்திவிட்டார்கள். குரூப் 1 மாதிரி இளங்கலை போதும் என்கிற பணிகளுக்கு, தமிழ்வழியில் இளங்கலை வரை முடித்திருந்தால் டெல்லி எம்.ஏ. அதைக் கெடுக்காது. மேல்நிலைப்பள்ளி முதுகலை ஆசிரியர் போல முதுகலையே தகுதி என்றால், ஆங்கில வழியில் இங்கே படித்தவருக்கு அந்த ஒதுக்கீடு போய்விடும். முதல் தலைமுறையாகத் தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகள் க்யூட் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.